கேடயம் பெரிதா, பிள்ளை பெரிதா?

(கல்முனையில் பெற்றோரும் ஆசிரியரும் பயிற்றுநரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

   

மருதமுனை தொடக்கம் பொத்துவில் ஈறாக நீளும் நமது கரையோரத்தில், அஸர்த் தொழுகை முடிந்த மாலை வேளையில் நடந்து செல்பவர் ஊருக்கு ஊர் ஒரே காட்சியைக் காண்பர். கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலாயினும், கடற்கரை மணலிலாயினும், அறுவடை முடிந்த வயல் வெளியிலாயினும், பந்தின் பின்னால் ஓடும் பிள்ளைகளின் ஆரவாரம் கேட்கும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பொங்கியெழுந்த ஆழிப்பேரலை, இலங்கையின் வேறெந்த மாவட்டத்தையும் விட நமது அம்பாறை மாவட்டத்திலேயே அதிக உயிர்களைப் பறித்தது. அத்துயரைத் தாங்கிய மண்ணில் பிள்ளைகள் ஓடியாடுவதைக் காண்பதே ஒரு பேறு. ஆகவே, விளையாட்டு வேண்டாம் என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. விளையாட்டு விளையாட்டாகவே நிலைக்க வேண்டும் என்று வாதாடவே வந்துள்ளோம்.

ஏன் வாதாட வேண்டும்? பத்து வயதில் பந்தைத் தலைமாட்டில் வைத்து உறங்கிய பிள்ளை, பதினைந்து வயதில் அதே பந்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக் கொள்கிறான். மாகாணப் போட்டியில் முதலாவதாக ஓடி வந்த பெண்பிள்ளை, அகில இலங்கைப் போட்டிக்குப் போகாமலே காலணியைக் கழற்றி வைத்து விடுகிறாள். "சோம்பல் பிடித்துவிட்டது" என்கிறார் வாப்பா. "தலைக்கனம் வந்துவிட்டது" என்கிறார் பயிற்றுநர். "கண்ணூறு பட்டுவிட்டது" என்கிறார் உம்மா. மூவரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும் பிள்ளைக்கு நேர்ந்தது யாதென்று மூவரும் அறிந்தாரில்லை.

பெயரும் பிறப்பும்

அந்த நிலையை நாம் இங்கு 'ஓய்ந்துபோதல்' என்றே சொல்வோம். வெறும் களைப்பு அன்று இது. களைப்பு ஓர் இரவு உறக்கத்தில் தீரும். ஓய்ந்துபோதல் ஒரு கிழமை விடுமுறையிலும் தீராது.

இதனை முதன்முதல் ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் ஹேர்பேர்ட் பிராய்டன்பேர்கர். 1974ஆம் ஆண்டு அவர் எழுதியது விளையாட்டு வீரர்களைப் பற்றியன்று. நியூயோர்க் நகரின் இலவச வைத்திய நிலையம் ஒன்றில் ஊதியமின்றித் தொண்டு செய்தோரைப் பற்றியே அவர் எழுதினார். எல்லாரிலும் மிகுந்த ஆர்வத்தோடு வந்தவர்களே எல்லாருக்கும் முந்தி ஓய்ந்து விழுந்தனர் என்பதை அவர் கண்டார். 1981ஆம் ஆண்டில் கிறிஸ்ரினா மஸ்லாக் என்ற பேராசிரியை இதனை அளக்கும் முறையொன்றைத் தம் துணையாசிரியரோடு வெளியிட்டார். 1997ஆம் ஆண்டில் தோமஸ் றைடெக் என்ற ஆய்வாளர் இளம் விளையாட்டு வீரர்களிடம் இதே நிலையை ஆராய்ந்தார். 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், இது ஒரு நோயன்று, பணியில் நெடுநாள் தொடர்ந்த அழுத்தம் சரிவரக் கையாளப்படாததால் விளையும் நிலை என்று வரையறுத்தது. நோயன்று என்பதன் பொருள் யாது? மருந்துக் கடையில் இதற்கு மருந்து இல்லை. பிள்ளையின் நாளாந்த வாழ்வைத் திருத்துவதே மருந்து என்பதாகும்.

மூன்று அடையாளங்கள்

ஆய்வாளர் கூறும் அடையாளங்கள் மூன்று. முதலாவது, உடலும் உள்ளமும் ஒருங்கே வற்றிப்போகும் களைப்பு. இரண்டாவது, "எவ்வளவு செய்தும் நான் முன்னேறவில்லை" என்ற எண்ணம். வென்ற நாளிலும் அவ்வெண்ணம் அகலாது. மூன்றாவது, ஒரு காலத்தில் உயிரென மதித்த விளையாட்டு உப்பில்லாப் பண்டமாகிவிடுதல். இம்மூன்றிலும் மிகக் கொடியது மூன்றாவதே. முதலிரண்டும் பிள்ளையைத் தளர்த்தும். மூன்றாவது பிள்ளையை மைதானத்திலிருந்தே பிரித்துவிடும்.

இவற்றை வீட்டில் எவ்வாறு கண்டுகொள்வது? படுத்தும் உறக்கம் வராமை, உறங்கியும் களைப்போடு எழுதல், பசி குன்றுதல், தடிமனும் காய்ச்சலும் அடிக்கடி வருதல், ஒரே இடத்து நோவு ஆறாமல் திரும்பத் திரும்ப வருதல், சிறு சொல்லுக்கும் சினத்தல், பயிற்சி நாளில் மட்டும் வயிற்றுவலியும் தலைவலியும் தோன்றுதல், பயிற்சி கூடக்கூட ஓட்டத்தின் வேகம் குறைந்து செல்லுதல் ஆகியன கண்முன் நிற்கும் சான்றுகள். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் மணிக்கட்டில் நாடியைத் தொட்டு எண்ணிப் பாருங்கள். வழக்கத்திலும் கூடுதலாக அது பல நாட்கள் தொடர்ந்து துடிக்குமாயின், உடல் ஓய்வு கேட்கிறது என்று எண்ண இடமுண்டு. பெண்பிள்ளைகளில் இன்னுமோர் அடையாளம் உண்டு. கடும் பயிற்சிக்கு ஏற்ற உணவு இல்லாவிடின் மாதவிலக்கு தவறக்கூடும். இதனை வெட்கத்தால் மறைத்தல் கூடாது. எலும்பின் வலிமையைக் குன்றச் செய்யும் ஆதலால், தாயார் அறிந்து வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

சோம்பலையும் இதனையும் வேறுபடுத்துவது எங்ஙனம் என்று கேட்பீர்கள். சோம்பலுள்ள பிள்ளை மைதானத்துக்கு வர மறுக்கும். வந்து பந்தைக் கண்டதும் சிரிக்கும். ஓய்ந்துபோன பிள்ளை சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும்; சொன்னதைச் செய்யும்; சிரிக்காது. கீழ்ப்படிதலைக் கண்டு மகிழும் பயிற்றுநர் அந்த முகத்தையும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

உழவர் அறிந்த உண்மை

இவ்வவையில் வேளாண்மை செய்வோர் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கு இதனை விளக்கப் புத்தகம் வேண்டியதில்லை. கல்லோயாத் தண்ணீர் வாய்க்காலில் வருகிறது என்பதற்காக எவரும் மடையை இரவு பகலாகத் திறந்து வைப்பதில்லை. எப்போது பாய்ச்சுவது, எப்போது வடிப்பது என்று வட்டவிதானையார் பார்த்துச் சொல்வார். யூரியா பயிருக்கு நல்லது. ஆனால் இரட்டிப்பாய் எறிந்த வயல் எப்படியிருக்கும்? பார்வைக்குக் கரும்பச்சை, ஊரார் நின்று வியப்பர். கதிர் முற்றுமுன் ஒரு காற்றடித்தால் பயிர் முழுதும் சாய்ந்து கிடக்கும். நோயும் பூச்சியும் அங்கேதான் முதலில் வரும்.

பன்னிரண்டு வயதில் மாவட்டத்தையே வியக்க வைக்கும் பிள்ளைகளில் சிலர் அப்படிப்பட்ட கரும்பச்சைப் பயிர்கள். பயிற்சியால் உடல் வலுப்பெறுவது பயிற்சியின்போதன்று. அதற்குப் பின் வரும் ஓய்விலேதான். பயிற்சி தசையைச் சிதைக்கிறது. உணவும் உறக்கமும் அதனை முன்னிலும் வலிதாகக் கட்டுகின்றன. கட்டுவதற்குக் காலம் தராமல் சிதைத்துக்கொண்டே போனால் எஞ்சுவது என்ன? வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகளில் வளர்ச்சிக்குரிய மென்பகுதிகள் உள. முழங்காலின் கீழ்ப்புறத்தில் வரும் நோவும், இளம் வேகப்பந்து வீச்சாளரின் முதுகெலும்பில் தோன்றும் வெடிப்பும் அளவுக்கு மிஞ்சிய உழைப்பால் வருவன. இதனாலன்றோ இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை, 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரே மூச்சில் 5 ஓவருக்கும் ஒரு நாளில் 10 ஓவருக்கும் மேல் வீசலாகாது என்று விதி வகுத்தது!

உலகம் கற்ற பாடம்

ஓய்வு கேட்பது கோழைத்தனம் என்பாரும் உளர். அவர்களுக்கு உலகம் விடை தருகிறது.

2021ஆம் ஆண்டு யப்பானில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில், உலகின் தலைசிறந்த உடற்பயிற்சி வீராங்கனையான அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் குழுப் போட்டியின் நடுவிலேயே விலகிக் கொண்டார். அந்தரத்தில் சுழலும்போது தம் உடல் எங்கே நிற்கிறது என்ற உணர்வே அவருக்குத் தப்பிப்போயிற்று. அந்நிலையில் பாய்ந்திருப்பின் கழுத்து முறிந்திருக்கலாம். தூற்றியோர் பலர். 2024ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அவர் 3 தங்கப் பதக்கங்களும் 1 வெள்ளிப் பதக்கமும் வென்றபோது, தூற்றிய வாய்கள் யாவும் அடைபட்டன.

2019 ஒக்டோபரில் நமது நாட்டு அணி அவுஸ்திரேலியாவில் விளையாடிக்கொண்டிருந்த வேளை, அந்நாட்டு வீரர் கிளென் மக்ஸ்வெல், முதற் போட்டியில் நமது பந்துவீச்சைச் சிதறடித்து 62 ஓட்டங்கள் குவித்த சில நாட்களிலேயே, உளநலம் கருதித் தொடரிலிருந்து விலகினார். ஓட்டம் குவிப்பவன் உள்ளத்தாலும் நலமாகவே இருப்பான் என்று நாம் எண்ணுவது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? டென்னிஸ் வீராங்கனை ஆஷ்லி பார்ட்டி 2014ஆம் ஆண்டு, 18 வயதில், மட்டையை வைத்துவிட்டுப் போனார். இடையில் கிரிக்கெட் விளையாடினார். 2016இல் திரும்பி வந்தார். 2019இல் பிரெஞ்சுப் பட்டமும், 2021இல் விம்பிள்டன் பட்டமும், 2022இல் தம் தாய்நாட்டுப் பட்டமும் அவருடையவாயின. அவர் போனபோது எவரேனும் கதவைப் பூட்டியிருந்தால் இப்பட்டங்கள் ஏது?

தமிழ் பேசும் மக்களாகிய நமக்கு நம் வீட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952ஆம் ஆண்டு, 18 வயது நிரம்புமுன், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். 1956இல் மெல்பேணிலும் பாய்ந்தார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தை அவர் ஈட்டியதோ 1958ஆம் ஆண்டு டோக்கியோவில், 2.03 மீற்றர் பாய்ந்தபோதாகும். 1962இல் யகார்த்தாவில் வெள்ளியும் வென்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் படிப்பைக் கைவிடவுமில்லை. பிற்காலத்தில் கல்வியாளராகவும் திகழ்ந்தார். முதல் ஒலிம்பிக்குக்கும் தங்கத்துக்கும் இடையே 6 ஆண்டுகள்! அந்த 6 ஆண்டுகளை இன்றைய பெற்றோர் எத்தனை பேர் தம் பிள்ளைக்கு வழங்குவோம்? அடுத்த மாதத்துக் கேடயத்தையன்றோ நாம் கேட்கிறோம்!

நம் ஊரின் நிலை

நமது பிள்ளையின் ஒரு நாளைக் கணக்கெடுப்போம். விடியுமுன் எழுகிறான். காலை ஏழரை தொடக்கம் பிற்பகல் ஒன்றரை வரை பாடசாலை. பின்னர் பிரத்தியேக வகுப்பு. சின்னஞ்சிறுவனாயின் குர்ஆன் மத்ரஸா. மாலையில் பயிற்சி. இரவில் மறுபடியும் வகுப்பு. அதன் பின் வீட்டுப் பாடம். அதன் பின் கைத்தொலைபேசி. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையான பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது வைத்திய அறிஞர் முடிவு. இக்கணக்கில் அந்த மணித்தியாலங்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன?

திறமையுள்ள பிள்ளையின் பாடு இன்னும் கடினம். ஓடத் தெரிந்தவனையே உதைபந்தாட்டக் குழுவும் கேட்கிறது. கிரிக்கெட் குழுவும் கேட்கிறது. ஊர்க் கழகமும் கேட்கிறது. வலயம், மாவட்டம், மாகாணம், அகில இலங்கை என்று படிப்படியாகப் போட்டிகள் வருகின்றன. சாதாரண தரப் பரீட்சையும் கூடவே வருகிறது. ஒரே மாடு நாலு வண்டியை இழுப்பது போன்றது இது. ஒவ்வொரு வண்டிக்காரரும் தம் வண்டியின் பாரத்தை மட்டுமே அறிவார். நாலையும் கூட்டிப் பார்ப்பவர் எவருமிலர்.

இத்தோடு நம் கரையோரத்து வெயிலையும் சேர்த்து நோக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் மணல் காலைச் சுடும். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நமக்கு அண்மையிலுள்ள திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய மாணவன் ஒருவன் உயிர் நீத்த செய்தி கேட்டு இக்கரையோரமே கலங்கிற்று. அத்துயருக்குக் காரணம் கூற நாம் வைத்தியருமல்லோம், நீதிபதியுமல்லோம். ஆயினும், ஓடும் பிள்ளைக்கு நிழலும் தண்ணீரும் அருகில் மருத்துவ உதவியும் இருந்தாக வேண்டும் என்ற ஒன்றை அச்செய்தி கேட்ட எவரும் மறக்கலாகாது.

பயிற்றுநரை யார் காப்பது?

பிள்ளையைப் பற்றி இவ்வளவு பேசினோம். பயிற்றுநரைப் பற்றிப் பேசுவார் யார்? கொழும்பின் பெரிய கல்லூரிகளில் ஒரு விளையாட்டுக்கே பல பயிற்றுநர் இருக்கக் காண்கிறோம். நம் பாடசாலைகள் பலவற்றில் ஒரே உடற்கல்வி ஆசிரியர் ஓட்டத்துக்கும் பந்துக்கும் அணிவகுப்புக்கும் பொறுப்பு. மழை பெய்தால் மைதானத்து நீரை வடிப்பவரும் அவரே. பிள்ளைக்குக் கால் சுளுக்கினால் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்பவரும் அவரே. தம் சட்டைப்பையிலிருந்து பஸ் கட்டணம் கொடுப்பவரும் பெரும்பாலும் அவரே. வென்றால் மாலை அதிபருக்கு; தோற்றால் பழி அவருக்கு. ஊர்க் கழகத்துப் பயிற்றுநரோ ஊதியமும் இல்லாதவர்.

பிராய்டன்பேர்கர் முதலிற் கண்டது இத்தகைய தொண்டர்களையே என்பதை மறவாதீர்கள். ஓய்ந்துபோன பயிற்றுநரையும் அடையாளம் காணலாம். பிள்ளைகளின் பெயர் அவர் வாயில் குறையும். "நூறு மீற்றர்க்காரன்", "நடுக்களக்காரன்" என்ற சொற்கள் கூடும். அறிவுரை குறையும், அதட்டல் கூடும். வீட்டில் மனைவி மக்களோடு பேச்சு அருகும். அவர் ஓய்ந்தால் அவர் கையிலுள்ள முப்பது பிள்ளைகளும் ஓய்வர். விளக்கே அணைந்த பின் வீட்டில் வெளிச்சம் ஏது? உலகப் புகழும் பெருஞ் செல்வமும் உடைய லிவர்பூல் உதைபந்தாட்டக் கழகத்தின் பயிற்றுநர் யூர்கன் குளொப்பே, 2024 ஜனவரியில், தம் சக்தி தீர்ந்து வருகிறது என்று வெளிப்படையாக அறிவித்து, அப்பருவ முடிவில் பதவியை விட்டு நீங்கினார். அவருக்கே அந்நிலை எனின், ஊதியமின்றி வெயிலில் நிற்கும் நம் ஊர்ப் பயிற்றுநர் தளர்வதில் வியப்பென்ன?

செய்ய வேண்டுவன

குறை சொல்லிக் கலைவது கூட்டத்துக்கு அழகன்று. ஆகவே, நம் கையிலுள்ளவற்றை வரிசையாகச் சொல்வோம்.

முதலாவது, கிழமையில் 1 நாள், கூடுமாயின் 2 நாள், எப்பயிற்சியும் இல்லாத நாளாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமையைக் குடும்பத்துக்கென விட்டுவிடுதல் நம் ஊருக்குப் பொருந்தும். ஆண்டில் 2 அல்லது 3 மாதம், பிரித்துப் பிரித்தேனும், தன் முதன்மை விளையாட்டை விட்டுப் பிள்ளை விலகியிருக்கட்டும். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகத்தின் அறிவுரை இது. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையே நிலத்துக்குக் கிடைக்கும் ஓய்வு பிள்ளைக்கும் கிடைக்கட்டும்.

இரண்டாவது, பிள்ளையின் வயது எத்தனையோ, கிழமையில் அத்தனை மணித்தியாலத்துக்கு மேல் ஒழுங்குபடுத்திய பயிற்சியும் போட்டியும் வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் 12 மணி நேரம் போதும். எந்தத் தகப்பனும் நினைவில் வைக்கக்கூடிய கணக்கு இது.

மூன்றாவது, 15, 16 வயது வரை ஒரே விளையாட்டில் பிள்ளையைக் கட்டிப் போடாதீர்கள். கடலில் நீந்தட்டும், கரப்பந்து ஆடட்டும், மணலில் ஓடட்டும். பல விளையாட்டு என்றதால் பல குழு என்று பொருளன்று. மொத்தப் பாரம் ஒன்றே.

நான்காவது, அந்த மொத்தப் பாரத்தைக் காண ஒரு கொப்பி போதும். பிள்ளை எத்தனை மணி உறங்கினான், எந்தெந்தக் குழுவில் எவ்வளவு நேரம் ஆடினான், எங்கே நோகிறது, இன்று ஆட விருப்பமா இல்லையா என்று நாலு வரி எழுதட்டும். பாடசாலைப் பயிற்றுநரும் கழகப் பயிற்றுநரும் அதே கொப்பியைப் பார்க்கட்டும். ஒருவர் கூட்டினால் மற்றவர் குறைக்கட்டும்.

ஐந்தாவது, பயிற்சி வெயில் தாழ்ந்த நேரத்திலேயே நடக்கட்டும். தண்ணீர் குடிப்பதைத் தண்டனையாக மறுக்கும் வழக்கம் அடியோடு ஒழியட்டும். நோன்பு மாதத்தில் பயிற்சியின் கடுமையைக் குறைத்து, நோன்பு திறந்து உண்டு இளைப்பாறிய பின் மெல்லிய பயிற்சியாக அமைத்துக்கொள்ளலாம்.

ஆறாவது, போட்டி முடிந்து வீடு வரும் பிள்ளையிடம் "எத்தனையாவது இடம்?" என்று கேட்குமுன், "மகன், ஆட்டம் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். பிள்ளை தன் மதிப்பு முழுவதும் கேடயத்தில்தான் என்று நம்பத் தொடங்கினால், கேடயம் கைதவறிய அன்று அவனுக்கு வேறு பற்றுக்கோடு இராது.

ஏழாவது, பயிற்றுநருக்கும் கிழமையில் ஒரு நாள் ஓய்வு உரியது. மூத்த வீரரும் பழைய மாணவரும் முறை வைத்துத் துணை நிற்கட்டும். பஸ் கட்டணமும் பந்தின் விலையும் அவர் சட்டைப்பையிலிருந்து வரலாகாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் கழகமும் அதனை ஏற்கட்டும்.

இவை நம் கையிலுள்ளவை. அரசின் கையிலுள்ளவற்றையும் கேட்போம். பயிற்றுநர் வெற்றிடங்களை நிரப்புங்கள். போட்டி நாட்காட்டியைப் பரீட்சையையும் வெயிலையும் பார்த்து வகுங்கள். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னர் வைத்தியப் பரிசோதனையும் போட்டிக் களத்தில் முதலுதவியும் உறுதி செய்யுங்கள். பயிற்றுநருக்கு அளிக்கும் பயிற்சியில் உளநலத்தையும் ஒரு பாடமாக்குங்கள். பாரபட்சமின்றித் தலைநகர்ப் பிள்ளைக்குக் கிடைப்பது கரையோரப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கையன்று, உரிமைக் குரல்.

ஓய்வு கொடுத்தும் உறக்கம் கொடுத்தும் இரண்டொரு கிழமையில் பிள்ளை தேறாவிடினும், உணவை வெறுத்தாலும், வாழ்வே வேண்டாம் என்பதுபோற் பேசினாலும், காலம் தாழ்த்தாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். கல்முனையில் வைத்தியசாலைகள் உள. உளநல வைத்தியரை நாடுவது பைத்தியக்காரப் பட்டமன்று. கால் முறிந்தவன் கட்டுப் போடச் செல்வதைப் போன்றதே அது.

அவையோரே! கேடயம் வெள்ளி முலாம் பூசிய தகடு. நாலு ஆண்டில் கறுக்கும். பாடசாலை அலுமாரியில் தூசு படியும். பிள்ளையோ நாளை இவ்வூரின் உழவனாகவும் ஆசிரியையாகவும் வைத்தியராகவும் வாழவேண்டியவர். நாற்பது வயதிலும் மாலையில் மகனோடு மைதானத்துக்கு இறங்கி மகிழ்ந்து ஆடும் மனிதனை உருவாக்கிய பயிற்றுநரே வென்ற பயிற்றுநர். அந்த வெற்றிக்குக் கேடயம் எவரும் தருவதில்லை. ஆயினும் ஊர் முழுவதும் அதன் பயனைத் துய்க்கும். வரும் கிழமையில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அந்நாளில் பிள்ளைக்கும் பயிற்றுநருக்கும் ஓய்வு கொடுங்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.